சீரியலில் நடித்த சிறுமி உலகப் பாப் பாடகியாக நிலைத்து நின்றது எப்படி?

கேள்வி: சின்ன வயதில் தொலைக்காட்சியில் நடித்துப் புகழ்பெற்றவர்கள் பெரும்பாலும் பெரியவர்களானதும் காணாமல் போய்விடுகிறார்கள். அப்படி வந்து, உலக அளவில் பாப் பாடகராக நீண்ட காலம் நிலைத்தவர் யாராவது உண்டா? அவரால் மட்டும் எப்படி முடிந்தது?

உண்டு. ஆஸ்திரேலியாவின் கைலி மினோக்.

பிரிட்னி ஸ்பியர்ஸ், மைலி சைரஸ், அரியானா கிராண்டே என்று அமெரிக்கப் பெயர்களைத்தான் இந்தக் கேள்விக்கு நிறையப் பேர் சொல்வார்கள். அவர்களும் சிறுவர் நிகழ்ச்சிகளிலிருந்து வந்தவர்கள்தான், சரி. ஆனால் 11 வயதில் கேமரா முன்னால் நின்று, 19 வயதில் முதல் பாட்டை வெளியிட்டு, 55 வயதில் கிராமி விருது வாங்கியவர் என்றால் நான் கைலியைத்தான் சொல்வேன். நம் ஊரில் என் வயதுக்காரர்கள் பலர் அவரை முதலில் பார்த்தது 2001, 2002 வாக்கில் கேபிளில் வந்த இசைச் சேனல்களில்தான். அதற்குள் அவர் இந்தத் தொழிலுக்கு வந்து இருபது வருடம் தாண்டியிருந்தது.

1968ல் மெல்போர்னில் பிறந்தவர். 1979ல் ‘தி சல்லிவன்ஸ்’ என்ற தொடரில் ஒரு சின்ன வேடம், 1980ல் ‘ஸ்கைவேஸ்’ தொடரில் இன்னொன்று. அந்த இரண்டாவது தொடரில் அவருக்கு அண்ணன் தம்பி முறையில் நடித்த பையன்தான் ஜேசன் டோனோவன், இவரைப் பற்றிப் பின்னால் வரும். ஆனால் அந்த வீட்டில் முதலில் பிரபலமானது கைலி இல்லை, தங்கை டேனி. ‘யங் டேலன்ட் டைம்’ என்ற நிகழ்ச்சியில் வாராவாரம் பாடி ஆடி ஆஸ்திரேலியா முழுக்கத் தெரிந்த குழந்தையாக டேனி இருந்தபோது, கைலி டேனியின் அக்கா, அவ்வளவுதான். 1985ல் ‘தி ஹெண்டர்சன் கிட்ஸ்’ தொடரில் நல்ல வேடம் கிடைத்தது, அடுத்த பாகத்தில் அவரை எடுத்துக்கொள்ளவில்லை.

1986ல் ‘நெய்பர்ஸ்’ வந்தது. வாரத்துக்கு ஐந்து நாள், அரை மணி நேரம், மெல்போர்னில் ஒரு தெருவில் இருக்கும் குடும்பங்களின் கதை. அதில் சார்லீன் என்ற பெண், எண்ணெய்க் கறை படிந்த உடையோடு கார் ரிப்பேர் செய்யும் மெக்கானிக். பக்கத்து வீட்டு ஸ்காட்டாக ஜேசன் டோனோவன். 1987 ஜூலையில் இவர்கள் கல்யாண எபிசோட் வந்தபோது ஆஸ்திரேலியாவே உட்கார்ந்து பார்த்தது. 20 வயது நிறையும் முன்பே அந்நாட்டுத் தொலைக்காட்சியின் பெரிய பரிசான கோல்ட் லோகியை வாங்கினார், அவ்வளவு இளம் வயதில் அதுவரை யாரும் வாங்கியதில்லை.

பாட்டுக்கு வந்தது ஒரு கால்பந்துக் கிளப்புக்காக நடந்த நிதி திரட்டும் நிகழ்ச்சியில். தொடரில் நடித்தவர்கள் மேடையேறினார்கள், கைலி கடைசியில் ‘தி லோகோமோஷன்’ என்ற அறுபதுகளின் பழைய பாட்டைப் பாடினார். அதன் வழியாக மஷ்ரூம் ரெக்கார்ட்ஸ் என்ற இசை நிறுவனத்தின் ஒப்பந்தம் வந்தது, 1987ல் அதே பாட்டு ஆஸ்திரேலியாவில் 7 வாரம் முதலிடத்தில் நின்றது.

அப்புறம் லண்டன். ஸ்டாக், ஐட்கன், வாட்டர்மேன் என்று மூன்று தயாரிப்பாளர்கள் அந்தக் காலத்தில் தொழிற்சாலை மாதிரி ஹிட் பாட்டுகளை வெளியே தள்ளிக்கொண்டிருந்தார்கள். கைலி ஊர் திரும்ப வேண்டிய நாள் நெருங்கிவிட்டது, இவர்களோ அவர் வருவதையே மறந்துவிட்டார்கள். வெளியே அவர் காத்திருந்த நேரத்தில் அவசர அவசரமாக எழுதியதுதான் ‘ஐ ஷுட் பி சோ லக்கி’ என்று மைக் ஸ்டாக்கே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். 1988 பிப்ரவரியில் அது பிரிட்டனில் முதலிடம், 5 வாரம்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பிரிட்டனில் பி.பி.சி. ‘நெய்பர்ஸ்’ தொடரை ஒரு வருடத்துக்கும் மேல் பின்தங்கித்தான் ஒளிபரப்பியது. 1988 நவம்பரில் அங்கே கல்யாண எபிசோட் வந்தபோது கிட்டத்தட்ட 2 கோடிப் பேர் பார்த்தார்கள், ஆனால் கைலி அதற்குள் தொடரை விட்டே விலகி முழுநேரப் பாடகி ஆகியிருந்தார். அதாவது அவர் நடித்து முடித்துப் போன வேலை, தினமும் இரண்டு வேளை, இலவச விளம்பரமாக ஓடிக்கொண்டிருந்தது. அந்த மாதக் கடைசியிலேயே ஜேசனோடு சேர்ந்து பாடிய காதல் டூயட் வெளிவந்தது, 1989 ஜனவரியில் அதுவும் முதலிடம். தொடக்ககால வெற்றியில் டிவிக்கு இவ்வளவு பெரிய பங்கு இருந்ததை மறைக்க ஒன்றுமில்லை.

ஆனால் உங்கள் கேள்வி நிலைத்ததைப் பற்றி. அதற்கு டிவி தந்த புகழ் உதவவில்லை, சொல்லப்போனால் இடைஞ்சலாகத்தான் இருந்தது. விமர்சகர்கள் அவரை ‘பாடும் பட்ஜி’ என்று கேலி செய்தார்கள், பட்ஜி என்றால் கூண்டில் வளர்க்கும் அந்தச் சின்னக் கிளிதான். சீரியல் பெண், யாரோ எழுதிக் கொடுப்பதைப் பாடுகிறாள், இரண்டு வருடத்தில் போய்விடுவாள் என்பதுதான் பேச்சு. 1992 வரை அந்த மூவர் அணியோடு இருந்துவிட்டு விலகி, டீகன்ஸ்ட்ரக்‌ஷன் என்ற நடன இசை நிறுவனத்துக்குப் போனார். 1994ல் ‘கன்ஃபைட் இன் மீ’ வந்தது. கிழக்கத்திய சாயலில் வயலின்கள், ஐந்து நிமிடத்துக்கும் மேல் நீளும் மெதுவான பாட்டு, குரலே வேறு ஆள் மாதிரி. இன்றைக்கும் அவருடைய மிகச் சிறந்த பதிவு இதுதான் என்பேன்.

அடுத்த வருடம் நிக் கேவ். இவரும் ஆஸ்திரேலியர்தான், ஆனால் இருட்டான, கொலையும் வேதமும் கலந்த பாட்டுகளுக்குப் பேர்போனவர், கைலியின் ரசிகர்களும் இவருடைய ரசிகர்களும் ஒரே அறையில் உட்காரமாட்டார்கள். அவர் கைலிக்கென்றே ‘வேர் தி வைல்ட் ரோஸஸ் குரோ’ எழுதினார். ஆற்றங்கரையில் காதலனால் கொல்லப்படும் பெண்ணின் குரலாகக் கைலி பாடினார், நாடகத்தனம் எதுவும் இல்லாமல், ரொம்ப அடக்கமாக. அந்தப் பாட்டைக் கேட்ட பிறகும் இவருக்குப் பாட வராது என்று ஒருவர் சொன்னால் அவரோடு எனக்கு வாதம் இல்லை.

ஆனால் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது அதற்கு அடுத்த வருடம் நடந்தது. 1996ல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ஒரு கவிதை நிகழ்ச்சி. அங்கே போய் ‘ஐ ஷுட் பி சோ லக்கி’ பாட்டின் வரிகளை இசை இல்லாமல் கவிதையாக வாசி என்று நிக் கேவ் அவரைத் தூண்டினார். யோசித்துப் பாருங்கள், பல வருடமாக எந்தப் பாட்டால் கேலிக்கு ஆளானாரோ, எதிலிருந்து தப்பிக்க நிறுவனத்தையும் உடையையும் இசையையும் மாற்றினாரோ, அதே வரிகளைக் கவிஞர்கள் கூடிய சபையில் தனியாக நின்று படிக்க வேண்டும். படித்தார். தன் பழைய காலத்தோடு சமாதானமாக அது தனக்கு உதவியது என்று அவரே சொல்லியிருக்கிறார். டிவிக் குழந்தைகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் சிக்கிக்கொள்கிறார்கள். ஒன்று, பழைய முகத்தையே பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள், இல்லையென்றால் அதை அடித்து நொறுக்கிக் காட்டினால்தான் வளர்ந்துவிட்டதாக நம்புவார்கள் என்று நினைத்து அதிர்ச்சி கொடுக்கிறார்கள். கைலியும் கொஞ்ச காலம் அந்த இரண்டாவது வழியில் போனார்தான். ஆனால் திரும்பி வந்து, அந்தச் சின்னப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு மேலே நடந்தார்.

அடுத்து வந்த ‘இம்பாஸிபிள் பிரின்ஸஸ்’ ஆல்பம் பிரிட்டனில் விற்கவில்லை. எல்லாப் பாட்டுகளின் எழுத்திலும் அவர் கை இருந்தது, ராக் இசைக்குழுக்காரர்களோடு சேர்ந்து வேலை செய்திருந்தார். ராக்கைப் போய் இவர் தொடுவதா என்று பிரிட்டிஷ் பத்திரிகைகள் கிண்டலடித்தன. போதாக்குறைக்கு 1997 ஆகஸ்டில் இளவரசி டயானா இறந்துபோனார், தலைப்பில் இளவரசி என்று இருந்ததால் பிரிட்டனில் வெளியீட்டைத் தள்ளிவைத்துப் பெயரையும் மாற்றினார்கள். 1998ல் நிறுவனத்தோடு உறவு முடிந்தது. 30 வயது, கையில் ஒப்பந்தம் இல்லை. இதைத் தோல்வி என்று எழுதுகிறவர்கள் உண்டு, நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். அந்த வருடமே ஆஸ்திரேலியாவில் சின்னச் சின்ன அரங்குகளில் அவர் நடத்திய நிகழ்ச்சிகளில் ‘லக்கி’ பாட்டை வேகமெல்லாம் குறைத்து, ஏங்கிப் பாடும் சோகப் பாட்டாக மாற்றிப் பாடினார். துள்ளலுக்கு அடியில் அந்த வரிகளில் கிடைக்காத காதலின் வலி இருந்தது அப்போதுதான் பலருக்குக் காதில் விழுந்தது.

அதன்பின் பார்லோஃபோன் நிறுவனம். 2000ல் ‘ஸ்பின்னிங் அரவுண்ட்’ பிரிட்டனில் முதலிடம், பத்து வருடத்துக்குப் பிறகு. அந்த வருடம் சிட்னி ஒலிம்பிக்ஸ் நிறைவு விழாவில் பாடினார். 2001ல் ‘கான்ட் கெட் யூ அவுட் ஆஃப் மை ஹெட்’. கேத்தி டென்னிஸ், ராப் டேவிஸ் இருவரும் ராப் வீட்டிலிருந்த சின்ன ஸ்டூடியோவில் எழுதியது. ‘லா லா லா’ என்று ஒரு சுற்று, கீழே நிற்காமல் ஓடும் ஒரே தாளம், குரல் கிட்டத்தட்ட உணர்ச்சியே காட்டாமல் மிதக்கும். பெரிய குரல்காரர்கள் பாடியிருந்தால் சங்கதி போட்டுக் கெடுத்திருப்பார்கள். ஐரோப்பாவில் நாட்டுக்கு நாடு முதலிடம், 50 லட்சத்துக்கு மேல் விற்பனை, 1988க்குப் பிறகு முதல்முறையாக அமெரிக்காவிலும் முதல் பத்துக்குள். அதற்குப் பிறகு 2004ல் முதல் கிராமி.

2005 மே மாதம் மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது, அப்போது வயது 36. உலகச் சுற்றுப்பயணம் பாதியில் நின்றது, பிரிட்டனின் பெரிய திறந்தவெளி இசை விழாவான கிளாஸ்டன்பரியில் பாட இருந்ததும் ரத்து. மெல்போர்னில் அறுவை சிகிச்சை, பாரிஸ் பக்கம் கீமோதெரபி. முதல் பரிசோதனையில் நோயைச் சரியாகக் கண்டுபிடிக்கவில்லை என்பதைப் பின்னால் ஒரு டிவி பேட்டியில் அவரே வெளிப்படையாகச் சொன்னார், மனதில் சந்தேகம் இருந்தால் மறுபடியும் போய்க் கேளுங்கள் என்பதற்காக. அவருடைய செய்தி வந்த இரண்டு வாரத்தில் ஆஸ்திரேலியாவில் மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே பரிசோதனைக்கான முன்பதிவுகள் 40 சதவீதம் கூடின என்று அந்நாட்டு மருத்துவ இதழில் ஆய்வே வந்தது. ஒரு பாப் பாடகியின் பெயரால் அத்தனை பெண்கள் பரிசோதனைக்குப் போனார்கள் என்பது எத்தனை விருதுக்குச் சமம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. 2006 நவம்பரில் சிட்னியில் மறுபடி மேடையேறினார்.

நமக்கு நெருக்கமான ஒரு செய்தி: 2009ல் வந்த ‘புளூ’ என்ற இந்திப் படத்தில் நம் ஏ. ஆர். ரஹ்மான் இசையில் ஒரு பாட்டுப் பாடி, திரையிலும் ஆடியிருக்கிறார். பாட்டு பெரிய அதிசயம் இல்லை, ஆனால் ரஹ்மான் இரண்டு ஆஸ்கர் வாங்கிய வருடத்தில் அவர்கள் சேர்ந்தது எனக்குப் பிடித்திருந்தது.

2019ல் கிளாஸ்டன்பரிக்கு ஒருவழியாகப் போனார். 2005ல் வர முடியாமல் போனதைச் சொல்லும்போது மேடையில் அழுதுவிட்டார். நிக் கேவ் வந்து பழைய பாட்டைக் கூடப் பாடினார். கொரோனா ஊரடங்கில் வீட்டிலேயே ஒலிப்பதிவு மென்பொருளைக் கற்று, ‘டிஸ்கோ’ ஆல்பத்துக்குத் தன் குரலைத் தானே பதிவு செய்தார், பொறியாளர்கள் பட்டியலில் அவர் பெயரும் இருக்கிறது. 52 வயதில் தொழிலில் ஒரு புது வேலையை உட்கார்ந்து கற்றுக்கொள்கிற ஆள் அவர். தினமும் வசனம் மனப்பாடம் செய்து ஷூட்டிங் ஓடிய பழக்கம்தான் இது என்று எனக்குத் தோன்றும். அதனால்தான் டிவி அவருக்குக் கொடுத்தது புகழைவிட இந்த உழைப்பு முறைதான் என்று நினைக்கிறேன். 2022 ஜூலையில் ‘நெய்பர்ஸ்’ முடிவுக்கு வருகிறது என்று கடைசி எபிசோட் எடுத்தபோது, ஜேசனோடு திரும்பி வந்து சார்லீனாக நடித்துக் கொடுத்தார். 2023ல் ‘பதம் பதம்’, அதற்கு 2024 பிப்ரவரியில் கிராமி, முதல் கிராமிக்கும் இதற்கும் நடுவே 20 வருடம்.

கேட்கத் தொடங்குவதென்றால் 1994ன் ‘கன்ஃபைட் இன் மீ’யிலிருந்து தொடங்குங்கள், அப்புறம் நிக் கேவோடு பாடியது, அப்புறம் 2001. அதையெல்லாம் கேட்டு முடித்துவிட்டு ‘லக்கி’ பாட்டின் 1987 பதிவையும் 1998 மேடைப் பதிவையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். எந்தப் பதிவு பிடித்தது என்று கருத்தில் எழுதுங்கள், எனக்கு 1998தான்.