டிக்கெட்டில் இருப்பது யாருடைய போன் நம்பர்?

கேள்வி: ஐயா, வணக்கம். மண்டபத்திலிருந்து எழுதுகிறேன். நான் பள்ளி ஆசிரியை. கணவர் விசைப்படகு என்ஜின் மெக்கானிக். பதினைந்தாவது திருமண நாளுக்கு மூன்று இரவு கோலாலம்பூர் போய்வரலாம் என்று முடிவு செய்தோம். பிள்ளைகளை அம்மாவிடம் விட்டுவிட்டு, எங்கள் பகுதி டிராவல் ஏஜெண்டிடம் 1,07,600 ரூபாய் கட்டினோம். வெள்ளிக்கிழமை இரவு பதினொன்றரைக்குத் திருச்சியில் விமானம். கார் பிடித்துப் போய்க் கவுண்டரில் நின்றபோதுதான் விமானம் ரத்து, நாளை இரவு அனுப்புகிறோம் என்றார்கள். மதியமே மெசேஜ் அனுப்பிவிட்டதாகவும் சொன்னார்கள். எங்களுக்கு எதுவும் வரவில்லை. திருச்சியில் லாட்ஜ் எடுத்துத் தங்கினோம். ஒரு நாள் தள்ளிப் போய் இறங்கினால், முதல் நாள் வரவில்லை என்று ஓட்டலில் மூன்று இரவையும் ரத்து செய்திருந்தார்கள். கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் இரண்டு இரவுக்கு 620 ரிங்கிட் கொடுத்து வேறு அறை எடுத்தோம். கணவரின் பெட்டி ஊர் திரும்புவதற்கு முதல் நாள் மாலைதான் கையில் கிடைத்தது. ஏஜெண்டைக் கேட்டால் விமான கம்பெனியைக் கை காட்டுகிறார், அவர்கள் ஏஜெண்டைக் கை காட்டுகிறார்கள். இப்போது ஏஜெண்ட், “அடுத்த டூரில் 15,000 கழித்துக்கொள்கிறேன், இதில் ஒரு கையெழுத்துப் போடுங்கள்” என்கிறார். போடலாமா? ஊர் திரும்பிப் பன்னிரண்டு நாள் ஆகிறது. பில், டிக்கெட், கணவரின் பாஸ்போர்ட் நகல் இணைத்துள்ளேன்.

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள் சகோதரி. அந்தக் காகிதத்தை வாங்கி வையுங்கள், அதுவே உங்களுக்கு ஒரு ஆதாரம். தப்பே நடக்கவில்லை என்றால் 15,000 கழித்துத் தருகிறேன் என்று யாரும் எழுதித் தரமாட்டார்கள்.

நீங்கள் அனுப்பிய டிக்கெட்டை எடுத்துப் பாருங்கள். உங்கள் இருவர் பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கிறது. தேதி சரி, நேரம் சரி. கீழே தொடர்பு எண் என்று ஒரு வரி இருக்கிறதே, அங்கே இருப்பது உங்கள் எண் இல்லை. ஏஜெண்ட் கொடுத்த பில்லின் தலைப்பில் கடைக்கு என்ன எண் அச்சாகியிருக்கிறதோ, அதே எண். மின்னஞ்சலும் கடையுடையதுதான். ஆக, விமான நிறுவனம் மெசேஜ் அனுப்பியதாகச் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். போய்ச் சேர்ந்த இடம் அவருடைய போன். அவர் மதியமே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீங்கள் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் ராத்திரி நேரத்தில் காரில் போயிருக்க மாட்டீர்கள். ஓட்டலுக்கு ஒரு தகவல் கொடுத்து அறையையும் காப்பாற்றியிருக்கலாம். உங்கள் நஷ்டத்தில் பெரும்பகுதி இந்த ஒரு வரியிலிருந்து வந்தது.

ஏஜெண்டுகள் ஏன் தங்கள் நம்பரைப் போடுகிறார்கள்? வாடிக்கையாளர் நேராக விமான நிறுவனத்தோடு பேச ஆரம்பித்தால் டிக்கெட்டின் உண்மை விலை தெரிந்துவிடும், அடுத்த முறை நீங்களே பதிவு செய்துவிடுவீர்கள். அந்தப் பயம்தான் காரணம். இதை நான் எத்தனையோ பேரிடம் சொல்லி அலுத்துவிட்டேன். பணம் கட்டியதும் முதல் வேலையாக டிக்கெட்டில் உங்கள் நம்பர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அன்றைக்கே மாற்றச் சொல்லுங்கள். மீனைப் பார்க்காமல் ஏலம் கேட்கிற ஆள் நம் கரையில் கிடையாது, டிக்கெட்டை மட்டும் ஏன் பார்க்காமல் வாங்குகிறோம்?

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் டி.ஜி.சி.ஏ.வின் விதிப்படி, குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் சொல்லாமல் விமானத்தை ரத்து செய்தால், மாற்று விமானமோ முழுப் பணமோ தருவதோடு இழப்பீடும் தர வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணம் என்றால் ஆளுக்கு 10,000 ரூபாய், அல்லது ஒரு வழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை. இரண்டில் எது குறைவோ அது. ஆனால் அதே விதியில் ஒரு விலக்கு இருக்கிறது: பதிவு செய்யும்போது சரியான தொடர்பு விவரம் கொடுக்காத பயணிக்கு இந்த இழப்பீடு கிடையாது. உங்கள் விஷயத்தில் விமான நிறுவனம் இதைத்தான் பிடித்துக்கொள்ளும். “பயணியின் நம்பர் எங்களிடம் இல்லை, இருந்த நம்பருக்குச் சொல்லிவிட்டோம்” என்பார்கள்.

அதற்குப் பதில் இருக்கிறது. இரவு பதினொன்றரை விமானத்துக்கு அன்று மதியம் சொன்னது 24 மணி நேர அறிவிப்பு ஆகாது. யார் போனுக்குச் சொல்லியிருந்தாலும் ஆகாது. இரண்டாவது, டிக்கெட் பணத்தைத் திருப்புவது பற்றிய விதியில் டி.ஜி.சி.ஏ.வே ஏஜெண்டுகளை விமான நிறுவனத்தின் நியமனப் பிரதிநிதிகள் என்கிறது. தன் பிரதிநிதி தப்பான நம்பர் போட்டதற்குப் பயணி எப்படிப் பொறுப்பாவார் என்று கேளுங்கள். அப்படியும் ஒப்புக்கொள்ளவில்லை என்றால், அந்த நம்பரைப் போட்டது நீங்கள் இல்லை, ஏஜெண்ட். அவரால்தான் இழப்பீடு போனது என்று பொறுப்பு அவர் தலையில் விழும். சுற்றிச் சுற்றி இருவரில் ஒருவர்தான் கொடுக்க வேண்டும். நீங்களே விண்ணப்பத்தில் ஒரு இலக்கத்தைத் தப்பாக எழுதியிருந்தால் கதை வேறு. உங்கள் நம்பரே இருந்து, போன் அணைந்திருந்தால் அதுவும் வேறு. உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

புயல், வெள்ளம் என்றால் இழப்பீடு இல்லை. உங்களுக்குக் கவுண்டரில் கொடுத்த காகிதத்தில் ‘செயல்பாட்டுக் காரணம்’ என்றுதான் இருக்கிறது, அதனால் அந்தப் பேச்சே வேண்டாம். இரவு எட்டு மணியிலிருந்து மூன்று மணிக்குள் கிளம்ப வேண்டிய விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போனால் தங்குமிடம் தருவதும் அவர்கள் பொறுப்பு. லாட்ஜ் பில்லையும் சேர்த்துக் கேளுங்கள்.

ஓட்டல் விஷயத்தில் விமான நிறுவனத்தை இழுக்க வேண்டாம். மூன்று இரவு தங்க வைப்பதாகப் பணம் வாங்கியவர் ஏஜெண்ட். நீங்கள் ஒரு நாள் தாமதமாக வருவீர்கள் என்ற செய்தி கையில் இருந்தவரும் அவரே. 620 ரிங்கிட் பில்லை வைத்து முழுத் தொகையையும் அவரிடமே கேளுங்கள். அதில் ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் வீதம் சுற்றுலா வரி என்று போட்டிருக்கும். அது மலேசிய அரசு வெளிநாட்டவரிடம் வாங்குவது, எந்த ஓட்டலில் தங்கியிருந்தாலும் கட்டியிருப்பீர்கள். அதைக் கழித்துவிட்டுக் கேட்டால் உங்கள் கணக்கின் மேல் நம்பிக்கை வரும்.

இனி அந்த பில். நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் என்னால் சும்மா விட முடியவில்லை.

டூர் பேக்கேஜ் 92,000. சரி. அதற்குக் கீழே ‘விசா மற்றும் ஆவணக் கட்டணம்’ 7,000 என்று இருக்கிறது. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் மலேசியா போகலாம். இல்லாத விசாவுக்கு 7,000 வாங்கியிருக்கிறார். அடுத்து ‘டிஜிட்டல் அரைவல் கார்டு’ 1,500. போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் மலேசியக் குடிவரவுத் துறையின் இணையதளத்தில் நாமே நிரப்புவது இது, காசு கிடையாது. சிங்கப்பூர் கார்டும் இலவசம், தாய்லாந்து கார்டும் இலவசம். கூகுளில் தேடினால் மேலே வந்து நிற்கும் பல தளங்கள் பணம் கேட்கும். அவை அரசுத் தளங்கள் அல்ல. மலேசியாவுக்கு முகவரி டாட் ஜிஓவி டாட் எம்ஒய் என்று வர வேண்டும்.

அப்புறம் ‘இ.சி.ஆர். க்ளியரன்ஸ்’ 2,500. எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். பத்தாம் வகுப்பு தேறாதவர்களுக்குப் பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர்., அதாவது ‘குடிபெயர்வுச் சோதனை தேவை’ என்று போடுகிறார்கள், உங்கள் கணவர் பாஸ்போர்ட்டிலும் இருக்கிறது. மலேசியா, தாய்லாந்து, வளைகுடா நாடுகள் உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது இவர்கள் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும். வேலைக்கு! சுற்றிப்பார்க்கப் போவதற்கு 2007 அக்டோபரிலிருந்தே அந்த அனுமதி தேவையில்லை. பாஸ்போர்ட், விசா வேண்டிய நாடு என்றால் விசா, திரும்பி வரும் டிக்கெட், இவ்வளவு போதும். திருச்சியில் குடிவரவு அதிகாரி இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்கலாம். ஓட்டல் பதிவையும் ரிட்டர்ன் டிக்கெட்டையும் காட்டினால் முடிந்தது. தொண்டியிலிருந்து ராமேசுவரம் வரை வீட்டுக்கொருவர் வெளிநாட்டில் இருக்கிற கரை இது. இ.சி.ஆர். என்ற மூன்றெழுத்தைச் சொன்னாலே நம் ஆட்கள் பயந்து பணத்தை எடுத்து நீட்டுகிறார்கள். அந்தப் பயத்துக்குத்தான் 2,500.

ஆளை வேலைக்கு அனுப்புகிறவர் 1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். அதே கடையில், அதே மேசையில் உட்கார்ந்து டூர் விற்கிறவருக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. சுற்றுலா அமைச்சகத்தின் அங்கீகாரம் விருப்பப்பட்டால் வாங்கிக்கொள்வது. டூரிஸ்ட்டாகப் போ, அங்கே வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று பையன்களை ஏற்றி அனுப்பி நடுத்தெருவில் விடுகிறவர்களுக்கும் இந்த ஓட்டை வசதியாகிப் போகிறது. எத்தனை குடும்பம் அழுதாலும் இதை யாரும் அடைக்கக் காணோம்.

பில்லின் கடைசி வரியில் டி.சி.எஸ். 4,600, அதாவது விற்கிறவர் உங்களிடம் வாங்கி உங்கள் பெயரில் அரசுக்குக் கட்ட வேண்டிய வருமான வரி. பேக்கேஜில் 5 சதவீதம். இது நிஜமான வரிதான், நீங்கள் கட்டியபோது இருந்த விகிதமும் அதுதான். ஆனால் உங்களிடம் பான் எண் கேட்டாரா? பில்லில் காணோம். பான் இல்லாமல் அந்தப் பணம் உங்கள் பெயரில் வரவாகாது. வருமான வரித் தளத்தில் உங்கள் பெயரில் வரவான வரியைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையைத் திறந்து பாருங்கள். 4,600 அங்கே இருந்தால் ரிட்டர்ன் போடும்போது கழித்துக்கொள்ளலாம். இல்லையென்றால் வரி வாங்கியதற்கான படிவம் 27டி சான்று கொடு என்று எழுத்தில் கேளுங்கள். அரசுக்குக் கட்டாத வரியை வரி என்று சொல்லி வாங்கியிருந்தால், வழக்கில் உங்களுக்கு அதைவிடப் பெரிய பலம் இல்லை.

பெட்டிக்கு மட்டும் அவசரம். தாமதமாக வந்த பெட்டிக்கு, அது கையில் கிடைத்த நாளிலிருந்து 21 நாளுக்குள் விமான நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் போக வேண்டும். இந்தியாவும் மலேசியாவும் ஏற்றுக்கொண்ட, சர்வதேச விமானப் பயணத்துக்கான மாண்ட்ரியல் உடன்படிக்கை அப்படிச் சொல்கிறது. இதைப் படிக்கும்போது உங்களுக்கு ஒரு வாரம்தான் மிச்சம் இருக்கும். இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். பெட்டி வரவில்லை என்று கோலாலம்பூர் விமான நிலையத்தில் கொடுத்த சீட்டின் எண், மாற்றுத்துணி வாங்கிய ரசீது இரண்டையும் சேருங்கள். அந்த உடன்படிக்கையில் லட்ச ரூபாய்க் கணக்கில் வரும் தொகை உச்ச வரம்பு மட்டும்தான். உங்களுக்குக் கிடைப்பது ரசீது காட்டும் தொகை. அதுவும் சும்மா விடக்கூடியது அல்ல.

மற்றவற்றுக்கு, ஏஜெண்டுக்கும் விமான நிறுவனத்துக்கும் ஒரே கடிதத்தை ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். 15 நாள் அவகாசம் கொடுங்கள். எந்தத் தொகை யாரிடம், எதற்காக என்று வரி வரியாக எழுதுங்கள். அழுகையும் கோபமும் வேண்டாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915லும் பதிந்து வையுங்கள். சில நிறுவனங்கள் அதற்கே இறங்கி வரும். பதில் இல்லையென்றால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேர்த்து மனுப் போடுங்கள். ஒருவரை விட்டால் மற்றவர் விட்டுப்போனவரைக் கை காட்டித் தப்பிப்பார். விமான நிறுவனத்தின் தலைமை அலுவலகம் எங்கே இருந்தாலும் கவலை இல்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை. சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

நோட்டீஸ் போய் மூன்று மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதை நம்பி நாள் எண்ணாதீர்கள். எதிர்த்தரப்பு பதில் போட 30 நாள், கூடுதலாக 15 நாள். அதற்கு மேல் வாய்தா. பள்ளிக்கு விடுப்புப் போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்து, அடுத்த தேதி வாங்கிக்கொண்டு திரும்புவது எவ்வளவு கொடுமை என்று எனக்குத் தெரியும். நுகர்வோருக்காக என்று கொண்டுவந்த ஆணையத்தையும் கோர்ட் மாதிரி ஆக்கிவிட்டார்கள். மனுவை ஆன்லைனில் போடலாம், விசாரணைக்குக் காணொலியில் வர அனுமதி கேட்கவும் சட்டத்தில் இடம் உண்டு. கேட்டு வாங்குங்கள்.

‘நாங்கள் பணம் வாங்கித் தருகிறோம், வருவதில் முப்பது சதவீதம் கொடுங்கள்’ என்று போன் வரும். டிக்கெட் எண்ணை அவர்களிடம் சொல்லாதீர்கள். ஏஜெண்டோடு பேசிய வாட்ஸப் செய்திகளை அழிக்காதீர்கள். கூகுள் பே செய்தது யார் கணக்குக்கு என்று வங்கி அறிக்கையில் பார்த்து, அந்தப் பக்கத்தை அச்செடுத்து வையுங்கள்.

நோட்டீஸ் கிடைத்ததும் ஏஜெண்ட் வீட்டுக்கு வருவார், தெரிந்தவர்களையும் கூட்டி வருவார். அடுத்த டூரில் கழிவு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டாம். பணமாகக் கொடுத்தால், எவ்வளவு கொடுத்தாலும் வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். முழுத் தொகை வரவில்லை என்றால், ‘பகுதித் தொகை பெற்றுக்கொண்டேன், மீதி நிலுவையில் உள்ளது’ என்று நீங்களே எழுதி, கணவன் மனைவி இருவரும் கையெழுத்திட்டுக் கொடுங்கள். அவர் எழுதிக் கொண்டுவரும் காகிதத்தில் வேண்டாம்.