சாமி கண்ணைக் குத்த மாட்டார்

வாசகர் கேள்வி:

நாங்கள் திருகோணமலை நகரில் வசிக்கிறோம். கணவர், நான், இரண்டு பிள்ளைகள், கணவரின் அம்மா என ஐந்து பேர். வெள்ளிக்கிழமைகளில் வீட்டில் பூசை தவறாது. மகளுக்கு மூன்றரை வயது. சென்ற மாதம் படையலுக்கு வைத்த மோதகத்தில் ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டு, மீதியைத் தட்டிலேயே திரும்ப வைத்துவிட்டாள். அதைக் கண்ட மாமி, "சாமி கண்ணைக் குத்திப்போடும்" என்று அதட்டினார். அன்றிலிருந்து பிள்ளை சாமியறைக்குள் வருவதில்லை; வாசலைக் கடக்கும்போதே கண்களைப் பொத்திக்கொள்கிறாள். ஆறு வயது மகனோ, கோவிலில் திரை விலகி எல்லோரும் கைகூப்பி நிற்கும் நேரத்தில், "சாமி எப்ப அம்மா சாப்பிட்டவர்? தட்டில எல்லாம் அப்பிடியே கிடக்குதே" என்று உரத்துக் கேட்டுவிட்டான். வளர்ப்புச் சரியில்லை என்று உறவினர் பேசுகிறார்கள். வருகிற சிவராத்திரிக்கு அவனையும் விரதம் இருக்கச் செய்ய வேண்டும் என்கிறார் மாமி. விவரம் தெரியும் வயது வரும்வரை பிள்ளைகளைச் சாமியறைக்கும் கோவிலுக்கும் கூட்டிச் செல்லாமல் விடலாமா? மகள் செய்ததற்குப் பரிகாரம் ஏதும் செய்ய வேண்டுமா?

– ஒரு தாய், திருகோணமலை

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கே முதலில் விடை சொல்லிவிடுகிறேன். அதுதான் உங்கள் நெஞ்சை அரித்துக்கொண்டிருக்கிறது என்பது கடிதத்தில் தெரிகிறது. பரிகாரம் எதுவும் வேண்டாம். வீட்டுப் பூசையில் பிள்ளையின் வாய் பட்ட மோதகத்தை எடுத்து அந்தப் பிள்ளைக்கே கொடுத்துவிட்டு, வேறொன்றை வைத்துப் பூசையைத் தொடர்ந்தால் போதும். அப்படியும் மாமியின் மனம் ஆறவில்லையென்றால், அவர் பிள்ளையார் முன் ஒரு விளக்கேற்றிக் கும்பிடட்டும். அதை மகளின் பிழைக்கான தண்டம் என்று மட்டும் யாரும் அவள் காதுபடச் சொல்ல வேண்டாம். பிள்ளைகளைச் சாமியறைக்கும் கோவிலுக்கும் கூட்டிச் செல்லாமல் விடலாமா என்றால், விடக்கூடாது என்பதே என் உறுதியான எண்ணம். இப்போது விலக்கி வைத்தால், சாமி தன்னைக் கோபித்துக்கொண்டார் என்று மகள் நினைப்பதை நீங்களே உறுதிப்படுத்தியதாகிவிடும்.

மூன்றரை வயதுப் பிள்ளைக்கு மிரட்டல் வேறு, உண்மை வேறு என்று பிரித்தறியத் தெரியாது. "கண்ணைக் குத்திப்போடும்" என்பது நமக்குப் பழகிப்போன அதட்டல். நாமும் அதைக் கேட்டே வளர்ந்தோம், மாமியும் அப்படித்தான் வளர்ந்திருப்பார். பிள்ளைக்கோ அது நாளையோ மறுநாளோ நடக்கப்போகிற ஒரு காரியம். போதாததற்குச் சாமியறையில் வேலும் சூலமும் ஏந்திய படங்கள் இருக்கின்றன. அவள் கண்களைப் பொத்திக்கொண்டு ஓடுவதை அடம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தன் கண்களைக் காப்பாற்றிக்கொள்ள அவளுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

நம் சமயத்தில் இதற்கு மருந்தாக ஒரு கதையே இருக்கிறது. கண்ணப்ப நாயனார் காளத்தியப்பருக்கு இறைச்சி படைத்தபோது, எந்தத் துண்டு சுவையானது என்று தம் வாயிலிட்டு மென்று பார்த்துத்தான் கொண்டுவந்து வைத்தார். அங்கே முறைப்படி பூசை செய்துவந்த சிவகோசரியார் அதைக் கண்டு துடித்துப்போனார். அவருடைய துடிப்பும் பொய்யானதன்று. உங்கள் மாமிக்கு வந்ததும் அதே துடிப்புத்தான். ஆனால் கதை எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள். சுவாமியின் கண்ணில் இரத்தம் வழியக் கண்டு தம் கண் ஒன்றை இடந்து அப்பியவர், மற்றக் கண்ணிலும் இரத்தம் வந்தபோது, அடையாளத்துக்குச் சுவாமியின் அந்தக் கண்மேல் தம் காலை ஊன்றிக்கொண்டு தமது இரண்டாம் கண்ணிலும் அம்பை வைக்கிறார். அப்போது சுவாமியின் கை வெளியே வந்து, அந்தக் கையைப் பிடித்து நிறுத்துகிறது. வாய் பட்ட உணவை ஏற்றுக்கொண்டவரும், கண்ணில் அம்பு படாமல் தடுத்தவரும் நாம் கும்பிடும் அதே சிவன்தான். உங்கள் மகளுக்குச் சொல்ல இதைவிடப் பொருத்தமான கதை எனக்குத் தெரியவில்லை. இரத்தத்தைக் குறைத்து, கையைப் பிடித்துத் தடுத்ததைக் கூட்டி, அவளுடைய வயதுக்குத் தக்கபடி சொல்ல வேண்டும்.

அந்தக் கதையை நீங்கள் சொல்வதைவிட மாமி சொல்வதுதான் பலிக்கும். பயம் அவருடைய வாயிலிருந்து வந்தது. அது போவதும் அவர் வாயால்தான் போக வேண்டும். "அப்பம்மா பொய் சொன்னவா" என்று நீங்கள் சொன்னால் பிள்ளைக்குச் சாமிமீதான பயம் போகாது. அப்பம்மாமீது இருக்கும் நம்பிக்கைதான் போகும். ஆகையால் பிள்ளைகள் உறங்கிய பிறகோ, இருவரும் குசினியில் ஒன்றாக வேலை செய்யும்போதோ, பழி சொல்லும் தொனி சிறிதும் இல்லாமல், "மாமி, பிள்ளை சாமியறைப் பக்கம் வரவே பயப்படுகிறாள். நான் சொல்லிக் கேட்கிறாளில்லை. நீங்கள் மடியில் வைத்துச் சொன்னால் கேட்பாள்" என்று உதவி கேட்டுப் பாருங்கள். பேத்தி கோவில் வாசலை மிதிக்கப் பயந்து வளர வேண்டும் என்று எந்த அப்பம்மாவும் விரும்ப மாட்டார். அவள் கண்களைப் பொத்துவதைக் கண்டு அவருக்கும் உள்ளூர வருத்தமாகவே இருக்கும். அதைச் சொல்ல வழி தெரியாமல் இருக்கிறார் என்று நினைக்கிறேன்.

மகளைச் சாமியறைக்குள் இழுத்துச் செல்ல வேண்டாம். கதவு திறந்திருக்கட்டும், அவள் தானாக வரும் நாள் வரட்டும். அதுவரை பூசைக்கு முன் நடக்கும் வேலைகளில் அவளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். முற்றத்தில் செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் பறிக்கும்போது பூக்கூடையை அவள் கையில் கொடுங்கள். மோதகத்துக்கு மா குழைக்கும்போது, சூடு ஆறியதும் ஒரு சிறு உருண்டையை அவளிடம் கொடுங்கள். அவள் அதைத் தட்டையாக்கிப் பயறும் சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் வைத்து மூட முயல்வாள். பாதிப் பயறு வெளியே பிதுங்கும். மா ஒரு பக்கம் தடித்து, மறுபக்கம் கிழிந்திருக்கும். அதன்மேல் அவளுடைய ஐந்து விரல்களும் பதிந்திருக்கும். அதையும் மற்றவற்றோடு அவித்து, படையல் தட்டில், பிள்ளைக்குத் தெரியும் இடத்தில் வையுங்கள். "இது ஆர் பிடிச்சது?" என்று மாமியே கேட்டால் இன்னும் நல்லது. தன் மோதகம் சாமிக்கு முன்னால் இருப்பதைப் பார்க்கவாவது அவள் வாசலில் வந்து நிற்பாள்.

இந்தச் சம்பவத்தில் பசிக்கும் பங்குண்டு. அவித்த மோதகத்தின் வாசனை வீடெல்லாம் நிறைந்திருக்க, மாலை ஆறரை மணிக்கு மேல் நெடுநேரம் தேவாரம் முடியும்வரை காத்திரு என்றால், இவ்வளவு சின்னப் பிள்ளையால் எப்படி இருக்க முடியும்? பூசைக்கு முன்பே பிள்ளைகளுக்கு வயிறு நிறைய ஏதாவது கொடுத்துவிடுங்கள். அவர்கள் நிற்கும் பூசையைச் சுருக்கி, ஒரு தேவாரம், தீபம், திருநீறு என்று முடித்து, உடனே பிரசாதத்தைக் கையில் கொடுங்கள். மிச்சப் பாட்டுகளை நீங்களும் மாமியும் ஆறுதலாகப் பிறகு பாடலாம்.

மகன் கேட்ட கேள்வியை வாசித்தபோது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியாக இருந்தது. திரைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று யோசித்து, தட்டையும் கவனித்துப் பார்த்திருக்கிறான். திருநாரையூரில் ஒரு சிறுவன் இதையே கேட்டான். பூசகரான தகப்பனார் வெளியூர் போனபோது பிள்ளையாருக்கு அமுது கொண்டுபோய் வைத்து, "ஏன் சாப்பிடவில்லை?" என்று அழுது, தலையை முட்டிக்கொள்ளப் போனான், பிள்ளையாரும் உண்டார் என்பது வரலாறு. அந்தச் சிறுவன்தான் பின்னாளில் திருமுறைகளைத் தேடி எடுத்துத் தொகுத்த நம்பியாண்டார் நம்பி. மகனுக்கு இதைச் சொல்லுங்கள். "சாமி ஏன் இப்போது சாப்பிடுவதில்லை?" என்று அடுத்த கேள்வி வரும். "நாம் அன்போடு வைப்பதை அவர் ஏற்றுக்கொண்டு, திரும்ப நமக்கே தருகிறார், அதனால்தான் அதைப் பிரசாதம் என்கிறோம்" என்பது ஆறு வயதுக்குப் போதுமான, உண்மையான விடை. விடை தெரியாத கேள்வி வந்தால் கோவில் ஐயரிடமே கேட்கச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை அறநெறிப் பாடசாலைக்கும் அனுப்புங்கள். கோவிலில் மெல்லிய குரலில் பேச வேண்டும் என்பதை, புறப்படுமுன் வீட்டிலேயே சொல்லிவையுங்கள். எல்லோருக்கும் முன்னால் வாயைப் பொத்தி அடக்குவது வேண்டாம்.

கோவிலுக்கு எந்த நேரம் போகிறீர்கள் என்பதும் பெரிய காரியம். கோணேசர் கோவிலுக்கு உச்சி வெயிலில் சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப் போனால், சுடுகல்லில் வெறுங்கால் வைத்ததும் அழுகை தொடங்கிவிடும். காலைப் பூசைக்கோ, வெயில் தாழ்ந்த பிறகோ போங்கள். கோட்டை வாசல் தாண்டியதும் மான்களைப் பார்க்கச் சற்று நேரம் விடுங்கள். கோவிலுக்குப் போகும் வழியில் பிள்ளைகள் மான் பார்ப்பதில் பக்திக்கு எந்தக் குறையும் வந்துவிடாது; பொலித்தீன் பைகளை மட்டும் மான்கள் தின்ன விடாதீர்கள். செங்குத்தான பாறைப் பிளவான இராவணன் வெட்டுப் பக்கம் பிள்ளைகளின் கையை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். அங்கே மரத்தில் கட்டியிருக்கும் சின்னத் தொட்டில்களைப் பற்றி மகள் நிச்சயம் கேட்பாள். "பிள்ளை வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் கட்டியது" என்று சொல்லுங்கள். பிள்ளைகளை இவ்வளவு விரும்பிக் கேட்கிற இடத்தில் சாமி பிள்ளைகளின் கண்ணைக் குத்துவாரா என்று மகனே தங்கைக்குச் சொல்லக்கூடும். 1950இல் நகரில் கிணறு வெட்டியபோது மண்ணுக்குள்ளிருந்து கோணேசரும் மாதுமையாளும் பிள்ளையாரும் வெளிவந்ததையும், 1963இல் புதுக் கோவிலுக்குக் குடமுழுக்கு நடந்ததையும் சொன்னால், இந்த வயதுப் பையன்கள் வாயைத் திறந்தபடி கேட்பார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சாமியறையில் பிள்ளைக்கு உண்மையாகவே ஆபத்தானவை நெருப்பும் கற்பூரமும். கற்பூரக் கட்டி பிள்ளைகளின் கண்ணுக்கு இனிப்பு மாதிரித் தெரியும். அதில் சிறிதளவு வயிற்றுக்குள் போனாலே சின்னப் பிள்ளைக்குச் சிறிது நேரத்துக்குள் வலிப்பு வரலாம். அதையும் நெருப்புப்பெட்டியையும் எட்டாத உயரத்தில், மூடியுள்ள பேணியில் வையுங்கள். எப்போதாவது விழுங்கிவிட்டால், வாந்தி எடுக்க வைக்க முயலாமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள், அல்லது 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் வரவழையுங்கள். விளக்கருகே நைலோன் சட்டையோடு நிற்க விடாதீர்கள். பருத்திச் சட்டை போடுங்கள். சுட்டுவிட்டால் ஓடும் குளிர்ந்த நீரில் இருபது நிமிடம் பிடியுங்கள். பற்பசையும் எண்ணெயும் பூச வேண்டாம்.

மகளின் பயம் ஒரு நாளில் போகாது. சில வாரங்கள் ஆகலாம். அதற்குள் இரவில் திடுக்கிட்டு எழுவதும், சாமியறை மட்டுமன்றி வேறு இடங்களிலும் கண்களைப் பொத்துவதும் தொடங்கினால், குழந்தை வைத்தியரிடம் காட்டுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உறவினர் பேச்சுக்கு நான் அதிகம் இடம் கொடுக்க விரும்பவில்லை. படையலில் கை வைக்காத, கோவிலில் சத்தம் போடாத பிள்ளையை வளர்த்தவர் அவர்களிலும் இருக்க மாட்டார்கள்.

இனிச் சிவராத்திரி விரதம். ஆறு வயதுப் பிள்ளையைப் பட்டினி போடவும் கூடாது, தண்ணீர் கொடுக்காமல் இருக்கவும் கூடாது, இரவு முழுவதும் விழித்திருக்கச் செய்யவும் கூடாது. அன்று மச்சம் தவிர்த்து, பாலும் பழமும் சைவச் சாப்பாடும் நேரத்துக்குக் கொடுத்து, முதற்சாமப் பூசை பார்த்துவிட்டுத் தூங்கட்டும். சிவராத்திரிக்குப் பிறகு வரும் கோணேசர் நகர்வலத்துக்கு வாசலில் நிறைகுடம் வைக்கும் வேலையை அவனுக்கும் தங்கைக்கும் கொடுங்கள்; சுவாமி வீட்டு வாசலுக்கு வருவதைக் காண அவர்களுக்கு அதைவிட நல்ல தருணம் இல்லை. பகலில் இருவரையும் சற்றுத் தூங்க வையுங்கள். இவ்வளவு நீளமான கடிதத்தில், வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள் என்று எண்ணிச் சொன்னதற்கு மேல் கணவரைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. விரதத்தைப் பற்றி மாமியிடம் நீங்கள் பேசப் போனால் அது மாமி மருமகள் வழக்காகிவிடும். அவருடைய அம்மாவிடம் இதை அவரே பேசட்டும். சிவராத்திரி நெருங்கும்வரை காத்திராமல், இந்தக் கிழமையே பேசச் சொல்லுங்கள்.