தரைதட்டிய துறைமுகம்: ஜப்பான் 2024, கேள்வி பதில்

2024-ல் ஜப்பானில் நடந்தவை பற்றிக் கேளுங்கள் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். குமரி மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கடலைப் பற்றியவை. அங்கிருந்தே தொடங்குகிறோம்.

கன்னியாகுமரியில் கடல் உள்வாங்கினால் விவேகானந்தர் பாறைக்குப் படகை நிறுத்துவார்கள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் திரும்பிவிடும். நோட்டோவில் போன தண்ணீர் வரவே இல்லையாமே, ஏன்?
*விசைப்படகு உரிமையாளர், சின்னமுட்டம்*

தண்ணீர் எங்கும் போகவில்லை, தரைதான் மேலே வந்தது. ஜனவரி 1, மாலை 4.10. புத்தாண்டுக்கு ஊருக்கு வந்த பிள்ளைகளால் வீடுகள் நிறைந்திருந்த நேரம். இஷிகாவா மாநிலத்து நோட்டோ தீபகற்பத்தில் 7.6 அளவில் நிலம் ஆடியது. அங்குள்ள பிளவு வடகரையை ஒட்டிய கடலடியில் தொடங்கி, தென்கிழக்காக நிலத்துக்கு அடியில் சரிந்து இறங்குகிறது. இரு பக்கமும் நெருக்கும்போது மேலே கிடக்கும் பாறைப் பாளம் அந்தச் சரிவில் வழுக்கி ஏறும். வடகரை ஊர்கள் எல்லாம் அந்தப் பாளத்தின் மேல்தான் இருக்கின்றன. வாஜிமா நகரின் மேற்குப் பகுதியில் நிலம் ஏறக்குறைய 4 மீட்டர் உயர்ந்தது. சில இடங்களில் கரை 200 மீட்டருக்கு மேல் கடலுக்குள் நீண்டுவிட்டது. நேற்றுவரை தண்ணீருக்கு அடியில் இருந்த பாறைகள் வெளியே வந்து, மேலே ஒட்டியிருந்த பாசி செத்து, சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்துக் கிடந்தன.

துறைமுகம் இரண்டு வகையில் கெட்டது. அடித்தளம் உயர்ந்ததில் படகுகள் தரைதட்டின. சில சிறு துறைமுகங்களில் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஜெட்டியும் சேர்ந்தே உயர்ந்ததால், தண்ணீர் மிஞ்சிய இடத்திலும் படகு எங்கோ கீழே, ஜெட்டி எங்கோ மேலே. பிடித்து வந்தாலும் மீனை எப்படி ஏற்றுவது? அதனால் முகத்துவார மணலை மட்டும் வாரினால் தீராது. துறைமுகம் முழுவதையும் ஆழப்படுத்தி, பழைய ஜெட்டிக்கு முன்னால் தாழ்வாக இன்னொன்றும் கட்ட வேண்டும். கன்னியாகுமரியில் நடப்பது ஓதத்தாலும் காற்றாலும் தண்ணீர் ஏறி இறங்குவது. அதில் தரை அசைவதில்லை.

2004-ல் சுமத்ராவில் ஆடி இங்கே அலை வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நோட்டோ மக்களுக்கு ஓட எவ்வளவு நேரம் கிடைத்தது?
*ஆசிரியை, கீழமணக்குடி*

தீபகற்பத்தின் முனையில் உள்ள சுசூ நகரின் சில கரைகளுக்கு ஒரு நிமிடம்தான். முதல் எச்சரிக்கை 4.12-க்கு வந்தது, 4.22-க்கு அதைப் பெரும் சுனாமி எச்சரிக்கையாக உயர்த்தினார்கள், 2011-க்குப் பிறகு முதல் முறையாக. எவ்வளவு வேகமாக அறிவித்தாலும் அலை முந்திக்கொண்டது. பக்கத்திலேயே ஆடும் ஊரில் ஆட்டம்தான் அறிவிப்பு. கால் தடுமாறினால், செல்போனைப் பார்க்காமல் மேட்டுக்கு ஏற வேண்டும்.

நம் கரைக்கு இது தலைகீழ். இங்கே ஆபத்து தூரத்து ஆட்டத்தில். அது நம் காலுக்குத் தெரியாது. ஆகவே 2007 முதல் இயங்கும் ஹைதராபாத் மையத்தின் எச்சரிக்கை கடைசிக் குடிசை வரை போய்ச் சேருவதுதான் நமக்கு முக்கியம். ஜப்பான் கடலோரத்தைப் பார்த்து 'ஆடினால் ஓடு' என்று மட்டும் இங்கே சொல்லிக்கொடுத்தால் பாதிப் பாடம்தான்.

டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில் விமானம் தீப்பிடித்தும் அதிலிருந்த 379 பேரும் பிழைத்தார்களே. அவசரத்தில் இறங்கச் சொன்னால் கைப்பையையாவது எடுத்துக்கொள்ளலாமா? வளைகுடாவில் மகன் இருப்பதால் அடிக்கடி பறக்கிறேன்.
*குடும்பத்தலைவி, தக்கலை*

கூடாதம்மா. பாஸ்போர்ட் உடம்போடு இருக்கட்டும், மற்றது எரியட்டும்.

நடந்தது ஜனவரி 2 மாலை. நோட்டோவுக்கு நிவாரணப் பொருள் ஏற்றிய கடலோரக் காவல் விமானத்திடம் கட்டுப்பாட்டுக் கோபுரம், 'நீங்கள் நம்பர் ஒன், ஓடுபாதைக்கு முன்னால் உள்ள நிறுத்தக் கோடு வரை வாருங்கள்' என்ற பொருளில் சொன்னது. அதன் விமானி சரியாகவே திருப்பிச் சொன்னார். ஆனால் 'முதலாவது' என்றதை ஏற அனுமதி என்று எடுத்துக்கொண்டு ஓடுபாதைக்குள் போய் சுமார் 40 விநாடி நின்றுவிட்டார். சப்போரோவிலிருந்து வந்த ஏர்பஸ் ஏ350 அதன் மேல் இறங்கியது. சிறிய விமானத்தில் இருந்த 6 பேரில் 5 பேர் இறந்தனர். ஓடுபாதையில் விமானம் நிற்பதைக் காட்டும் எச்சரிக்கை கோபுரத்துத் திரையில் இருந்தது, கவனிக்கப்படவில்லை. பிறகு அந்தத் திரையைப் பார்க்க மட்டுமே ஓர் ஆளைப் போட்டார்கள்.

பெரிய விமானத்தில் 8 கதவுகள். பயன்பட்டவை 3, முன்னால் இரண்டும் பின்னால் இடப்புறம் ஒன்றும். பணிப்பெண்கள் முதலில் செய்தது, கதவுக்கு வெளியே தீ இருக்கிறதா என்று கண்ணாடி வழியே பார்த்தது. தீ இருக்கும் பக்கம் திறந்தால் புகை உள்ளே வரும். ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை, மெகாபோனும் தொண்டையும்தான். பின்கதவுக்காரருக்கு விமானியோடு தொடர்பு கிடைக்காததால் தாமே முடிவெடுத்துத் திறந்தார். மூக்குச் சக்கரம் முறிந்து விமானம் முன்பக்கம் குனிந்திருந்ததில் பின்பக்கச் சறுக்கு செங்குத்தாக நின்றது. அதில் ஒருவர் பெட்டியோடு உருண்டிருந்தால் பின்னால் வருபவரின் கால் முறியும், சறுக்கு கிழியும், அந்த வாசல் அதோடு முடிந்தது. கடைசி ஆளாக இறங்கியவர் கேப்டன்.

கும்பப்பூ, கன்னிப்பூ என்று இங்கே இரண்டு போகம் எடுக்கிறோம். அரிசியையே நம்பியிருக்கும் ஜப்பானில் 2024 ஆகஸ்டில் கடைகளில் அரிசி இல்லாமல் போனது எப்படி?
*நெல் விவசாயி, பூதப்பாண்டி*

அங்கே பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரே போகம், செப்டம்பரை ஒட்டி அறுவடை. அதனால் ஆகஸ்ட் கையிருப்பு தேயும் மாதம். 2023-ல் கடும் வெயில். பால் பிடிக்கும் பருவத்தில் சூடு அதிகமானால் மணிக்குள் சுண்ணாம்புபோல் வெளுப்பு விழும், தீட்டும்போது நொறுங்கும், நெல் இருந்தும் அரிசி குறையும். சாகுபடிப் பரப்பையும் பல ஆண்டுகளாகக் குறைத்தே வைத்திருந்தார்கள். வெளி அரிசி உள்ளே வர கிலோவுக்கு 341 யென் தீர்வை.

இந்த நிலையில் ஆகஸ்ட் 8-ல் ஹ்யூகா கடலில் 7.1 அளவில் ஆடியது. ஜப்பானின் தென்கரையை ஒட்டிய கடலடிப் பள்ளமான நான்காய் அகழியில் பெரும் நிலநடுக்கம் வரக்கூடும் என்ற கவன அறிவிப்பு, அப்படி அறிவிக்கும் முறை வந்த பிறகு முதல் தடவையாக வெளியானது. ஜோசியம் இல்லை; வழக்கத்தைவிட வாய்ப்பு சில மடங்கு கூடியிருக்கிறது, ஒரு வாரம் எச்சரிக்கையாக இருங்கள் என்பதுதான் அதன் பொருள். ஆனால் தண்ணீரும் அரிசியும் வாங்கி வைக்க வீட்டுக்கு வீடு கிளம்பியதும் அலமாரிகள் காலி. 15-ம் தேதி அறிவிப்பை முடித்துக்கொண்டார்கள். புது அரிசி வந்து அலமாரி நிறைந்தது, விலை மட்டும் இறங்கவில்லை.

கப்பலில் வேலை பார்த்தபோது சேர்த்த பழைய 10,000 யென் நோட்டு இருக்கிறது. புது நோட்டு வந்துவிட்டதால் செல்லாதா?
*ஓய்வுபெற்ற மாலுமி, குளச்சல்*

செல்லும். 2016 நவம்பர் 8 நம் மனதை விட்டுப் போகவில்லை, அதனால் வரும் பயம் இது. 2024 ஜூலை 3-ல் வந்தவை புது வடிவங்கள் மட்டுமே. பழையதை ரத்து செய்யவில்லை. 'சீக்கிரம் மாற்றித் தருகிறேன்' என்று யாராவது வந்தால் அது ஏமாற்று. ஜப்பானிலேயே இதைப் பற்றி எச்சரித்தார்கள். புது 10,000-ல் இருப்பது தொழிலதிபர் ஷிபுசாவா எய்இச்சியின் படம். நோட்டைச் சாய்த்தால் முகம் திரும்பும்.

நிலவில் தலைகுப்புற விழுந்த ஸ்லிம் கலத்தை வெற்றி என்கிறார்களே?
*பிளஸ் டூ மாணவி, நாகர்கோவில்*

அதன் வேலை குறித்த இடத்தில் இறங்குவது. 100 மீட்டருக்குள் என்பது இலக்கு. ஜனவரி 20-ல் 55 மீட்டர் தள்ளி இறங்கியது. சந்திரயான்-3-க்குக் குறித்திருந்த பரப்பு 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டர் என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். சுமார் 50 மீட்டர் உயரத்தில் இரண்டு இன்ஜின்களில் ஒன்று பழுதானதால் கவிழ்ந்தது. சூரியத் தகடு மேற்கே பார்த்து நின்றது. பேட்டரி 12 சதவீதத்துக்கு இறங்கியதும் தாங்களே அணைத்து வைத்தார்கள். நிலவில் வெயில் மேற்கே சாய்ந்ததும், 28-ம் தேதி, மறுபடி விழித்துக்கொண்டது.