வெளிநாட்டில் புதிதாகக் குடியேறியிருக்கிறேன். டேபிள்டாப் ரோல்பிளேயிங் (மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகிக் கதை சொல்லி ஆடுவது) விளையாட ஒரு குழுவை எப்படித் தொடங்குவது?

ஆள் தேடுவதை விட்டுவிட்டு முதலில் நாள் குறியுங்கள். இதைத் தலைகீழாகச் செய்து எட்டு மாதத்தை வீணாக்கியவன் நான்.

வந்த புதிதில் யாரைக் கேட்டாலும் "ரோல்பிளேயிங்கா? கண்டிப்பா வரேன்" என்றார்கள். வாட்ஸ்அப்பில் குழு தொடங்கினேன், 11 பேர் சேர்ந்தார்கள். எந்தக் கிழமை சரிப்படும் என்று கேட்டதோடு முடிந்தது கதை. ஒருவருக்குச் சனிக்கிழமை ஆகாது, இன்னொருவருக்குச் சனிக்கிழமை மட்டும்தான் ஆகும். கடைசியில் அந்தக் குழுவில் பிறந்தநாள் வாழ்த்து மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாள் கடுப்பில், "வருகிற வெள்ளிக்கிழமை மாலை 7 முதல் 10 வரை, ஒரே ஒரு ஆட்டம், நாலு இடம்தான்" என்று போட்டேன். மூன்று பேர் வந்தார்கள். அதுவே தாராளம். ஆறு பேர் உட்கார்ந்தால் தன் முறை வருவதற்குள் பாதிப் பேர் போனை நோண்ட ஆரம்பித்துவிடுவார்கள்.

நடத்துவது யார்? நீங்கள்தான். ஆட ஆசைப்படுபவர்கள் கிடைப்பார்கள், கதையை நடத்தும் கேம் மாஸ்டராக உட்காரத்தான் ஆள் கிடைக்காது. அதற்காக இந்த வகையில் பிரபலமான 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டின் புத்தகங்களைக் கரைத்துக் குடித்திருக்க வேண்டியதில்லை. 1974-இல் வந்த அந்த விளையாட்டின் ஐந்தாம் பதிப்பு அடிப்படை விதிகள் 2023 முதல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனாலும் முதல் நாளுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். நாலு முகம் முதல் இருபது முகம் வரை ஆறு வகைப் பகடைகள். எட்டு முகம் எது, பத்து முகம் எது என்று தடவுவதிலேயே புதியவர்களுக்குப் பாதி நேரம் போய்விடும்.

நான் எடுத்துப் போனது ஜான் ஹார்ப்பரின் 'லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸ்'. மொத்த விதியும் ஒரே பக்கம், இலவசம், சாதாரண ஆறு முகப் பகடை போதும். எல்லோரும் ஒரு விண்கலத்தின் பணியாளர்கள். ஆளுக்கு 2 முதல் 5 வரை ஒரு எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும். இயந்திரம், அறிவியல், நிதானம் சம்பந்தப்பட்ட காரியம் என்றால் பகடை அந்த எண்ணுக்குக் கீழே விழ வேண்டும். பேச்சு, உள்ளுணர்வு, ஆவேசம் என்றால் மேலே. ஒன்றில் கெட்டிக்காரர் என்றால் இன்னொன்றில் மண்டு, அவ்வளவுதான். அதே எண் அப்படியே விழுந்தால் கேம் மாஸ்டரிடம் ஒரு கேள்வி கேட்கலாம், அவர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். விளக்கி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

விதிகளைவிடப் பெரிய சிக்கல் மொழி. எங்கள் மேசையில் நாலு பேருக்கு நாலு தாய்மொழி, பொதுவாக இருந்தது அரைகுறை ஆங்கிலம். ரோல்பிளே என்றாலே மேடை நாடகம் மாதிரி வசனம் பேச வேண்டும் என்று பயந்து, ஒரு பெண் முதல் ஒரு மணி நேரம் வாயே திறக்கவில்லை. "வசனமெல்லாம் வேண்டாம், உங்க ஆள் என்ன செய்கிறாள் என்று மட்டும் சொல்லுங்க" என்றேன். கொஞ்சம் யோசித்தார். "அவள்... காவலாளியிடம்... தான் கணக்குத் தணிக்கைக்கு வந்திருப்பதாகப் புளுகுகிறாள்" என்றார். உருட்டினார், 6 விழுந்தது. எதிரிக் கலத்தின் கதவெல்லாம் திறந்தது மட்டுமில்லை, அதன் தளபதியே பழைய ரசீதுகளை அள்ளிக்கொண்டு மூச்சிரைக்க ஓடி வந்தார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அடுத்த ஆட்டத்தில் அந்தப் பெண் தணிக்கை அதிகாரியாகவே பேச ஆரம்பித்துவிட்டார். இன்றுவரை நிறுத்தவில்லை.

அதனால் 'அவன் இதைச் செய்கிறான், அவள் அதைச் சொல்கிறாள்' என்று படர்க்கையில் ஆடுவதும் ரோல்பிளேதான் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். விடுகதை, சிலேடை இரண்டையும் தள்ளி வையுங்கள். ஆள் பெயர், ஊர்ப் பெயர் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதி மேசை நடுவில் போடுங்கள்.

அந்த நாட்டு மொழி ஓரளவு வந்தால் உள்ளூர்க்காரர்களையும் சேர்க்கலாம். எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வெறும் 'ஆர்பிஜி' (ரோல்பிளேயிங் கேம்) என்று தேடினால் வீடியோ கேம் ஆட்கள்தான் வருவார்கள். ஜெர்மானியர்கள் இதை 'பென் அண்ட் பேப்பர்' என்பார்கள், ஜப்பானியர்கள் 'டிஆர்பிஜி' என்பார்கள், பிரெஞ்சில் 'ஜு தெ ரோல்'. சில நாடுகளில் சொந்த விளையாட்டே உண்டு: ஸ்வீடனில் 1982-இல் வந்த 'டிராக்கார் ஓக் டெமோனர்', ஜெர்மனியில் 1984-இல் வந்த 'தாஸ் ஷ்வார்ட்ஸெ ஆவ்கெ', ஜப்பானில் 1989-இல் வந்த 'ஸ்வோர்ட் வேர்ல்ட்'. சின்ன வயதில் அதை ஆடியவர் யாராவது மாட்டினால் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள், அப்புறம் அரை மணி நேரம் நீங்கள் வாய் திறக்க வேண்டியிருக்காது.

நான் சொதப்பிய இடம் ஒன்று. மூன்றாவது ஆட்டத்தில் ஒரு எல்லைச் சாவடி வைத்தேன். "காகிதத்தைக் காட்டு, இந்த முத்திரை செல்லாது, வரிசையில் போய் நில்" என்று அதட்டும் காவலர்கள். நகைச்சுவை என்றுதான் நினைத்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. எதிரே இருந்தவர் விசா நீட்டிப்புக்காக அந்த வாரம்தான் இரண்டு நாள் வரிசையில் நின்றிருக்கிறார். எனக்கே உறைக்காமல் போனதுதான் ஆச்சரியம், நானும் நின்றவன்தானே. அதற்குப் பிறகு எக்ஸ்-கார்டு வைக்க ஆரம்பித்தேன். ஜான் ஸ்டாவ்ரோபொலஸ் என்பவர் கொண்டுவந்த வழி அது: 'எக்ஸ்' என்று எழுதிய ஒரு அட்டை மேசையில் கிடக்கும், யார் தொட்டாலும் அந்தக் காட்சியைக் காரணம் கேட்காமல் தாண்டிப் போய்விட வேண்டும். எங்கிருந்து, எதைத் தாண்டி வந்தவர் என்று தெரியாத ஆட்களோடு ஆடும்போது இது இல்லாமல் நான் உட்காருவதில்லை.

நெடுங்கதை திட்டமிடாதீர்கள். வெளிநாட்டில் கூடும் கூட்டம் கலையும் கூட்டம்; படிப்பு முடியும், ஒப்பந்தம் முடியும், ஆள் கிளம்பிவிடுவார். முதல் வருடத்திலேயே எங்களில் இரண்டு பேர் போய்விட்டார்கள். பென் ராபின்ஸ் என்பவர் 'வெஸ்ட் மார்ச்சஸ்' என்ற பெயரில் நடத்திய முறை இதற்குப் பொருத்தம். ஒரு பாதுகாப்பான ஊர், சுற்றிலும் தெரியாத காடு. அன்றைக்கு யார் வருகிறார்களோ அவர்கள் காட்டுக்குள் போவார்கள், ஆட்டம் முடிவதற்குள் ஊர் திரும்பிவிடுவார்கள். ஒருவர் நாடு மாறிப் போனாலும் கதையில் ஓட்டை விழாது.

பழைய நண்பர்களோடு ஆன்லைனில் ஆடலாமே என்றால், ஆடலாம். 2012-இல் வந்த ரோல்20 மாதிரித் தளங்கள் இருக்கின்றன. எனக்கு மாலை, அவர்களுக்கு விடிகாலை. பாதி ஆட்டம் கொட்டாவியில் போனதால் விட்டுவிட்டேன்.

குறித்த நாளை மட்டும் ரத்து செய்யாதீர்கள். ஒரு வெள்ளிக்கிழமை ஒரே ஒருவர்தான் வந்தார். இருவருமாக ஆடினோம். காணாமல் போன ஒரு பூனையைத் தேடி அவருடைய ஆள் மூன்று மணி நேரம் ஊரைச் சுற்றினான், கிடைக்கவில்லை. அடுத்த வாரம் வந்த நாலு பேரும் காட்டுப் பக்கமே போகாமல் பூனையைத் தேடக் கிளம்பிவிட்டார்கள்.