ஒப்பந்தம் முடிந்துவிட்டது, வயலை உழலாமா?

கேள்வி: இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் எங்கள் 6 ஹெக்டேயர் தானிய வயலை 2008இல் கடைசியாக உழுது, புல்லும் காட்டுப்பூ விதையும் தூவி, ‘ஹையர் லெவல் ஸ்டூவர்ட்ஷிப்’ (இயற்கையைப் பேண விவசாயிக்கு அரசு காசு தரும் திட்டம்) ஒப்பந்தத்தில் சேர்த்தோம். பத்து வருட ஒப்பந்தம். பிறகு வருடா வருடம் நீட்டித்தார்கள், நாங்களும் கையெழுத்து வைத்தோம். இப்போது எல்லாம் முடிந்துவிட்டது. கோதுமை விதைக்கப் போனால் அனுமதி வேண்டும் என்கிறார்கள். வந்த அதிகாரி மரியாதையாகப் பேசவில்லை. பக்கத்துக் காணிக்காரர் தன் வயலை உழுதேவிட்டார். சொன்ன சொல்லைக் காப்பாற்றியவனுக்கு இதுதானா பலன்? “பதினேழு வருடமாகக் கலப்பை படவில்லை, ஒரு பிடி உரம் போடவில்லை” என்று கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பட்டுமா?

சட்டத்தரணியின் பதில்: அனுப்பாதீர்கள். உங்களுக்கு எதிரான மிக வலுவான சாட்சி அந்தக் கடிதம்தான்.

அதிகாரி எப்படிப் பேசினார், பக்கத்துக்காரர் என்ன செய்தார் என்பவை எதுவும் உங்கள் வழக்கில் நிற்காது. ஒப்பந்தம் முடிந்தால் பழைய பயிருக்குத் திரும்பலாம் என்பது உண்மை. ஆனால் நாட்டின் மற்றச் சட்டங்களுக்கு உட்பட்டுத்தான். அங்கேதான் 2006ஆம் ஆண்டு விவசாயச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு ஒழுங்குவிதிகள் வருகின்றன. கேள்வி ஒன்றே ஒன்று: அந்த மண் கடைசியாக எப்போது பண்படுத்தப்பட்டது? உழவோ உரமோ படாமல் 15 வருடம் கிடந்த நிலத்தை அரசின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ‘நேச்சுரல் இங்கிலாந்து’ பண்படுத்தாத நிலமாகவே பார்க்கும். 2 ஹெக்டேயரோ அதற்கு மேலோ என்றால், உழுவதற்கு முன் ஸ்கிரீனிங் முடிவு, அதாவது உழுவது சுற்றாடலைப் பெரிதாகப் பாதிக்குமா என்று அந்த அமைப்பு பார்த்துச் சொல்லும் முடிவு, கட்டாயம்.

2018இல் நீங்கள் விலகியிருந்தால் பத்து வருடம்தான் ஆகியிருக்கும். உங்களுக்குக் காசு தந்த அந்த நீட்டிப்புகளுக்குள்தான் பதினைந்தாவது வருடம் சத்தமில்லாமல் கடந்து போயிற்று. என்னிடம் வருகிறவர்களில் பலர் இப்படித்தான் மாட்டிக்கொள்கிறார்கள். எந்த நீட்டிப்புக் கடிதத்திலும் யாரும் அந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. இதை எழுதும்போதும் எனக்கு மனம் கனக்கிறது, நல்லது செய்தவர்களே இதில் சிக்குகிறார்கள்.

அடுத்த குழி இதைவிட ஆழம். “என் காணி, நான் உழுவேன்” என்று உழுதுவிட்டு வருகிறவர்களைக் காப்பாற்றுவது மிகக் கடினம். அனுமதியின்றி உழுவது குற்றம். தண்டத்தைக் கட்டிவிட்டு விதைக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள், நிலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் உத்தரவும் வரும். பூப்புல் வளர்த்தெடுக்கும் செலவு உங்கள் தலையில், கோதுமையும் இல்லை. வயலை 2 ஹெக்டேயருக்குக் குறைவான துண்டுகளாக்கி வருடத்துக்கு ஒன்றாக உழலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். வான்படங்களில் எல்லாம் தெரியும்.

முதலில் பற்றுச்சீட்டுகளைத் தேடுங்கள். இடையில் எப்போதாவது உரம் போட்டீர்களா, மண்ணைக் கிளறி மறுவிதைப்புச் செய்தீர்களா? உண்மையான ஆதாரம் இருந்தால் நிலைமை மாறும். ஆனால் பூக்கள் செழித்து வேரூன்றியிருந்தால், அது அரை இயற்கை நிலம் (இயற்கைச் செடிகொடி நிலைத்துவிட்ட நிலம்), அதற்கும் அதே ஒழுங்குவிதிகள் பொருந்தும் என்ற வாதம் அப்போதும் மிஞ்சும். இல்லாத சீட்டை உருவாக்க நினைக்கவே வேண்டாம்.

ஆதாரம் இல்லையென்றால் சமரசம்தான் வழி. பூ அதிகமுள்ள பகுதியைப் புல்லாகவே விட்டுவிடுங்கள். அதற்குப் புதிய திட்டத்தில் கொடுப்பனவு கிடைக்குமா என்று கேளுங்கள். வெறும் புல் மண்டிய பகுதிக்கு மட்டும் ஸ்கிரீனிங் விண்ணப்பம் போடுங்கள். முடிவு கையில் வரும்வரை டிராக்டர் கொட்டகையிலேயே நிற்கட்டும்.