எக்கோ ரிப்போர்ட்டில் உள்ள எம்எஸ் வேறு
அம்மாவின் எக்கோ ரிப்போர்ட்டில் 'எம்எஸ்' என்று பார்த்து, தேடினால் மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் என்று வருகிறதே எனப் பதறியிருக்கிறீர்கள். அது நரம்பு நோய்ங்க, எக்கோவில் தெரியாது. எக்கோ இதயத்தைப் பார்ப்பது, அங்கே எம்எஸ் என்றால் மைட்ரல் ஸ்டெனோசிஸ், அதாவது மைட்ரல் வால்வு குறுகியிருப்பது. முதலில் அந்த வரியை முழுசாகப் படியுங்கள்: முன்னால் 'நோ' இருந்தால் அந்தக் குறுகலும் இல்லை என்றுதான் அர்த்தம், பக்கத்தில் எம்ஆர் இருந்து, அந்த 'நோ' அதற்குப் பொருந்தாவிட்டால் அதே வால்வில் ரத்தம் பின்னோக்கிக் கசிகிறது. மருந்துச் சீட்டில் இதே எழுத்துகளை மார்ஃபின் சல்ஃபேட் என்றும் படிக்கலாம், மெக்னீசியம் சல்ஃபேட் என்றும் படிக்கலாம். ஒரு மருந்துக்குப் பதில் இன்னொன்றைக் கொடுத்துவிடும் அந்த ஆபத்தால்தான் அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் தரும் ஜாயின்ட் கமிஷன், மருந்து எழுதும்போது இந்தச் சுருக்கத்தைப் பயன்படுத்தவே கூடாது என்று விதித்தது. சரி, 'மைல்டு', 'சிவியர்' என்று ஏதாவது சேர்ந்திருந்தால் இதய மருத்துவரிடம் காட்டுங்கள், அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது என்றால் இன்றைக்கே.