சட்டத்தில் இன்னும் தீராத நான்கு வாதங்கள்: கேள்வி பதில்

மசோதா விஷயத்தில் உச்ச நீதிமன்றம் ஒரே வருடத்தில் இரண்டு விதமாகச் சொன்னதா, மேடம்?

ஆமாம். 2025 ஏப்ரலில் இரு நீதிபதிகள், சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றியும் தமிழ்நாடு ஆளுநர் குடியரசுத் தலைவருக்கு அனுப்பிய 10 மசோதாக்களும் ஒப்புதல் பெற்றவையே என்றார்கள், ஆளுநர் முடிவெடுக்கக் காலக்கெடுவும் வைத்தார்கள். நவம்பரில் ஐந்து நீதிபதிகள், கெடு விதிக்கவோ ஒப்புதல் தந்ததாக வைத்துக்கொள்ளவோ முடியாது, காரணமில்லாமல் இழுத்தடித்தால் 'முடிவெடுங்கள்' என்று மட்டும் உத்தரவிடலாம் என்றார்கள். அரசியல் சாசனம் எழுதாத கெடுவை நீதிமன்றம் எழுதலாமா என்பதுதான் சண்டை. தேர்ந்தெடுக்கப்பட்ட சபையின் சட்டம் அலமாரியில் கிடப்பது எனக்குப் பெரிய தவறாகத் தெரிகிறது.

நான் ஜூனியர் வக்கீல். முதல் 15 நாள் முடிந்தால் போலீஸ் கஸ்டடி கிடையாது என்றுதானே படித்தோம்?

அது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 167ஆம் பிரிவு. 1992இல் அனுபம் குல்கர்னி வழக்கும் அப்படித்தான் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டமான நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 187ஆம் பிரிவு. மொத்தம் அதே 15 நாள்தான். ஆனால் குற்றத்தைப் பொறுத்து முதல் 40 அல்லது 60 நாளுக்குள் துண்டு துண்டாகவும் கேட்கலாம். உங்கள் கட்சிக்காரர் 9 நாள் போலீஸ் காவலில் இருந்துவிட்டுச் சிறைக்குப் போய்விட்டார், 30ஆம் நாள் ஜாமீன் மனு விசாரணைக்கு வருகிறது என்று வையுங்கள். "இன்னும் 6 நாள் பாக்கி இருக்கிறது" என்று அரசு வழக்கறிஞர் எழுந்து நிற்கலாம். சிறைக்குள் இருப்பவர் எந்த நாளும் திரும்ப ஸ்டேஷனுக்குப் போக நேரலாம் என்ற பயத்தோடே படுக்கிறார். சட்ட ஆராய்ச்சியாளர்களின் கவலையும் இதுதான், என் கவலையும் இதுதான். சரி, கையில் என்ன இருக்கிறது? அதே சன்ஹிதாவில் ஜாமீன் பற்றிய 480ஆம் பிரிவின் வரம்பு வாசகத்தை (proviso) படியுங்கள். முதல் 15 நாளுக்குப் பிறகும் போலீஸ் காவல் தேவைப்படலாம் என்பது மட்டுமே ஜாமீனை மறுக்கப் போதாது என்கிறது. மனுவிலேயே எழுதிவிடுங்கள்.

வழக்குக்குப் போகாமல் தகராறைத் தீர்க்க இரு தரப்பும் ஏற்கும் நடுவரின் (arbitrator) தீர்ப்பை நீதிமன்றம் திருத்தலாமா?

2025 ஏப்ரல் 30இல் உச்ச நீதிமன்றத்தில் 4:1 என்ற கணக்கில், ஓரளவு திருத்தலாம் என்று ஆனது. ரத்து செய்ய மட்டுமே சட்டம் இடம் தருகிறது என்ற நீதிபதி விஸ்வநாதனின் மாறுபட்ட தீர்ப்பை அவசியம் படியுங்கள்.

மனைவியின் சம்மதமில்லாமல் கணவன் உறவு கொள்வது பற்றி?

புதிய தண்டனைச் சட்டமான நியாய சன்ஹிதாவில், பாலியல் வன்புணர்வு பற்றிய 63ஆம் பிரிவின் 2ஆவது விலக்கு கணவனை இன்னும் காப்பாற்றுகிறது. பழைய சட்டத்தில் இருந்த இதே விலக்கு செல்லுமா என்பதில் டெல்லி உயர் நீதிமன்ற நீதிபதிகள் 2022இல் இரண்டாகப் பிரிந்தார்கள். விலக்கை எடுத்தால் நீதிமன்றமே புதுக் குற்றம் படைத்ததாகிவிடும் என்று ஒரு தரப்பு சொல்கிறது. இதே வாதம் 2017இலும் வந்தது. அன்று 18 வயதுக்குக் கீழான மனைவிக்கு அந்த விலக்கு செல்லாது என்று சொன்ன உச்ச நீதிமன்றம், குற்றம் ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது, நாங்கள் புதிதாகப் படைக்கவில்லை என்றது. 18 வயது நிரம்பிய பெண்ணுக்கு மட்டும் அந்தப் பதில் ஏன் பொருந்தாது?